சாவி யார் கையில்? பந்தலூர் மலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் வட்டத்தில் பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கும். தேவாலா பக்கத்து மழையைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். துவைத்த துணி வெளியில் காயாது, அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் சீருடையைக் காயப் போடுவார்கள். பிள்ளைகள் புகை வாசனையோடு பள்ளிக்கு வருவார்கள். ‘கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மட்டும் விடுமுறை’ என்று ஆட்சியர் அறிவிப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த மழை விடுமுறைகளுக்கு இந்த நிகழ்வில் பெரிய பங்கு உண்டு.

நான் சமூகப் பணியாளன். ஒரு சிறிய அமைப்பில் இருக்கிறேன். ஆதிவாசிக் குழந்தைகள் படிப்பைப் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. இந்தப் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்தாள், பணியர் சமூகம். அம்மா எஸ்டேட்டில் பச்சைத் தேயிலை பறிக்கிறார். அப்பா இஞ்சிக் காட்டு வேலைக்குக் கேரளப் பக்கம் போய்விட்டு வாரக் கடைசியில் வருவார். வீட்டில் பாட்டிதான் எல்லாம். பெயர், ஊர், பள்ளி எதையும் சொல்லப்போவதில்லை. அடையாளம் காட்டக்கூடிய இரண்டொரு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

அவள் பெயர் என் கைக்கு வந்தது ‘அடிக்கடி விடுப்பு’ பட்டியலில். விசாரிக்கப் போனேன். வகுப்பாசிரியர் நல்ல மனிதர், அக்கறை உள்ளவர். அவர் சொன்னது இது: “நல்லா படிக்கிற புள்ளதான் சார். ஆனா மாசத்துல பாதி நாள் வர்றதில்ல. கேட்டா கால் வலிங்கறா, முதுகு வலிங்கறா. மழை லீவு விட்ட அன்னைக்கு கடைத்தெருவுல பாத்தேன், குடையப் பிடிச்சிக்கிட்டு நல்லாத்தான் நடந்து போனா.” கடைசி வாக்கியத்தை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

பாட்டியின் கணக்கு வேறு. மழைக் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடுகிறது, அதுதான் வலி. தன் தங்கைக்கும் இப்படித்தான் இருந்ததாகவும், அவள் சின்ன வயதிலேயே போய்விட்டதாகவும் சொன்னார்.

மூன்றாவது கணக்கு மருத்துவமனைச் சீட்டில் இருந்தது. ஒரு முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவளுக்குச் சிக்கிள் செல் நோய் என்று தெரிந்திருந்தது. தமிழில் அரிவாள் உயிரணுச் சோகை என்று எழுதுகிறார்கள், மலையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ‘சிக்கிள்’ என்பார்கள், பெரியவர்கள் சிலர் ‘சைக்கிள்’ என்றே சொல்லிவிடுவார்கள். சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே ‘தண்ணீர் நிறையக் குடிக்கவும்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார் மருத்துவர்.

அந்த அடிக்கோட்டுக்குக் காரணம் இருக்கிறது. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு இந்த நோயில் அரிவாள் போல வளைந்து விறைத்துவிடுகிறது. அப்படி விறைத்த அணுக்கள் சின்ன ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்துக்கு ரத்தம் போகாது, அங்கே வலி பிடிக்கும். எலும்புக்குள் சுத்தியலால் தட்டுவது போல இருக்கும் என்று பட்டவர்கள் சொல்வார்கள். குளிர், காய்ச்சல், அலைச்சல், தண்ணீர் வற்றுவது, எல்லாமே அதைக் கிளப்பும். உடலில் நீர் குறைந்தால் அணுவுக்குள் இருப்பது கெட்டியாகி அரிவாளாக வளைவது கூடும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு, அதை நான் வெகு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். இந்த நோய் சிறுநீரகத்தையும் தொடுகிறது. சிறுநீரைச் சுண்டவைத்து நீரை மிச்சம் பிடிக்கும் திறன் இவர்களுக்குச் சின்ன வயதிலேயே குறைந்துவிடும். அதனால் மற்றவர்களைவிட அதிகம் தண்ணீர் குடிக்க வேண்டும், மற்றவர்களைவிட அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதியை யாரும் சீட்டில் எழுதுவதில்லை.

இந்த நோய்க்கும் நீலகிரிக்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் சிக்கிள் செல்லைப் பற்றி எழுத உட்காரும் எவரும் இந்த மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இந்தக் கூறு, அதாவது பரம்பரையாக வரும் சிக்கிள் மரபணு, இருப்பதைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த தொழிலாளர்களிடமும் வேறு இருவர் இதைக் கண்டார்கள். இரண்டு இடத்திலும் தேயிலை என்பது தற்செயல்தான். ஆனால் இங்கே வந்தவர்கள் கேட்ட கேள்வியைக் கவனிக்க வேண்டும். ரத்தப் பிரிவையும் இந்தக் கூறையும் வைத்து, தென்னிந்தியாவின் எந்தச் சமூகம் எதோடு உறவு, எது வேறு என்று பிரித்துப் பார்ப்பதில் அவர்களுக்கு ஆர்வம். கேள்வி மக்களின் பூர்வீகத்தைப் பற்றியது, ஆகவே விடையும் அதைப் பற்றியதாகவே இருந்தது. வலிக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பது கேள்வியிலேயே இல்லை.

அதற்கப்புறம் உலகத்தில் வேறு எங்கெங்கோ வேறு கேள்விகளைக் கேட்டார்கள். 1986-ல் அமெரிக்காவில், சிக்கிள் செல் உள்ள சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் கொடுத்தால் நிமோனியாக் கிருமியின் கடுமையான தொற்று வெகுவாகக் குறையும் என்று ஒரு சோதனை காட்டியது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். 1995-ல் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வலி வரும் தடவைகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் என்று தெரிந்தது. நம் பக்கத்தில் 1990-ல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, ஊர் ஊராகப் போகும் ஆதிவாசிச் சுகாதாரப் பணியாளர்களை வைத்து இந்த நோயாளிகளைத் தேடிப் பிடித்துப் பராமரித்தது, அந்த அனுபவம் 2014-ல் மருத்துவ இதழிலும் வந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சிக்கிள் செல்லை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047-க்குள் ஒழிப்பு என்பது இலக்கு. லேமன் எழுதியதற்கும் ஷாதோல் மேடைக்கும் நடுவே 71 ஆண்டுகள். நான் சந்தித்த பாட்டி ஏறக்குறைய அந்த வயதுதான்.

சரி, பெண்ணிடம் வருவோம்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். கையில் நான்கு பக்கப் படிவம் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து நிரப்பினேன். ‘மருந்து தவறாமல் சாப்பிடுகிறாரா? ஆம். குளிர் படாமல் இருக்கிறாரா? ஆம். தினமும் போதுமான தண்ணீர் குடிக்கிறாரா? ஆம்.’ அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஆம் என்றாள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நானும் திருப்தியாகக் கோப்பில் போட்டேன். அந்தப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை, உண்மையும் இல்லை.

எங்களோடு வேலை பார்க்கும் ஹெல்த் அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பணியர் சமூகம், பத்தாம் வகுப்பு வரை படித்தவர், அரை நாள் வேலைக்கு மதிப்பூதியம் வாங்குகிறவர். ஜூன் மாதம் ஒரு எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு வாங்கிப் பக்கத்துக்கு ஐந்து கட்டம் போட்டார். தேதி, மழை, பள்ளி, என்ன வேலை செய்தாள், வலி. பாட்டிக்கு எழுதத் தெரியாது. அதனால் பாட்டியும் அக்காவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வலி வந்த அன்று அடுப்புச் சுவரில் கரியால் கோடு போட வேண்டும். வலி இருந்தும் நடமாடினால் ஒரு கோடு, படுத்துவிட்டால் இரண்டு, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் மூன்று. வலி இல்லாத நாளுக்கு ஒரு புள்ளி. அக்கா ஞாயிற்றுக்கிழமை போய்ச் சுவரைப் பார்த்து நோட்டில் ஏற்றிவிட்டு, ஈரத் துணியால் சுவரைத் துடைத்துவிடுவார். மழை நாளுக்கு அவர் குடை படம் போட்டார். ஜூலைப் பக்கங்கள் முழுக்கக் குடைகள்தான்.

காலாண்டு விடுமுறையில் நோட்டை விரித்து உட்கார்ந்தோம். கோடுகள் பள்ளி நாள் ராத்திரியிலும் அதற்கு மறுநாளிலும் விழுந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் புள்ளி. அதைவிட ஆச்சரியம், மழை விடுமுறை நாட்களும் புள்ளி. கொட்டும் மழை, நடுக்கும் குளிர், நோட்டில் குடை மேல் குடை, வலி மட்டும் இல்லை. பாட்டியின் குளிர்க் கணக்கு அங்கே உதைத்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பகீரென்றது. ஆசிரியர் சொன்னது சரியாகிவிட்டதே என்று தோன்றியது. பள்ளி நடந்தால் வலி, பள்ளி இல்லை என்றால் வலி இல்லை. மட்டம் போடுகிறாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இரண்டு நாள் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போகலாமா என்றுகூட யோசித்தேன்.

அக்காதான் செப்டம்பர்ப் பக்கத்தில் விரலை வைத்தார். “சார், இந்த வாரம் முழுக்கப் பரீட்சை. ஒரு நாள்கூட லீவு போடல. கோடும் இல்ல. மட்டம் போடறவ பரீட்சைக்குத்தான மொதல்ல போடுவா?”

பரீட்சை வாரத்தில் அவளுக்கு அரை நாள் பள்ளி. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வீடு. ஆக, அரை நாள் பள்ளியில் இல்லாத ஏதோ ஒன்று முழு நாள் பள்ளியில் இருக்கிறது. என்ன அது? இந்தக் கேள்வி என் நான்கு பக்கப் படிவத்தில் எங்கேயும் இல்லை. நோட்டிலிருந்துதான் முளைத்தது.

விடையை அக்கா ஓடையில் துணி துவைக்கும்போது வாங்கி வந்தார். பெண்கள் கழிப்பறை பூட்டியிருக்கும். சாவி ஆசிரியர் அறையில். கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் இடைவேளையில் மட்டும். ஆசிரியர் அறையில் ஆண் ஆசிரியர்களும் இருப்பார்கள், அவர்கள் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். திறந்தாலும் உள்ளே குழாயில் தண்ணீர் வராது. அதனால் பெரிய பெண்கள் பாதிப் பேர் பள்ளி நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. இவள் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தாள். மற்றவர்களைவிட அடிக்கடி முட்டிக்கொண்டு வரும் அல்லவா, அதனால் முந்தின ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவாள். காலையில் பாட்டி ஊற்றும் கஞ்சியைக்கூடத் தெளிவை இறுத்துவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிடுவாளாம். ஏழரை மணிக்கு வீட்டைவிட்டு இறங்கி, நடந்து, பஸ் பிடித்து, சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மழைக்காலத்தில் தாகமும் அவ்வளவாகத் தெரியாது, ஆகவே அவளுக்கே அது ஒரு கஷ்டமாகத் தோன்றவில்லை.

‘தண்ணீர் நிறையக் குடிக்கவும்.’ இரண்டு அடிக்கோடு.

படிவத்தில் ஏன் ‘ஆம்’ என்றாய் என்று பின்னால் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டேன். “நீங்க குடிக்கிறியான்னுதான் கேட்டீங்க சார். வீட்டுக்கு வந்து குடிப்பேன்ல” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. ஒரு ஆண் வந்து திண்ணையில் உட்கார்ந்து, பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சுற்றி நிற்க, கழிப்பறைக்குப் போவதைப் பற்றி எந்தப் பதினான்கு வயதுப் பெண் வாய் திறப்பாள்? அக்கா கேட்டார், கிடைத்தது. யார் கேட்கிறார்கள், எங்கே கேட்கிறார்கள் என்பதும் விடையில் சேர்ந்துவிடுகிறது. ஆய்வு முறை பற்றி வகுப்பில் படித்தபோது இதற்கு இரண்டு மதிப்பெண் கேள்வி வரும். அதற்கு நான் சரியாகத்தான் விடை எழுதியிருப்பேன்.

பள்ளியின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் வீம்புக்குப் பூட்டவில்லை. ராத்திரியில் வெளியாட்கள் புகுந்து குழாயை உடைத்துப்போட்டிருந்தார்கள். துப்புரவுக்கு ஒழுங்கான ஆள் இல்லை. கழிப்பறை அசுத்தமானால் அதற்கும் பேச்சு வாங்க வேண்டும். பூட்டி வைத்தால் குறைந்தபட்சம் சுத்தமாக இருக்கும். கணக்கெடுக்க வருகிறவர் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா என்று கேட்டால் ‘உண்டு’ என்று எழுதிக்கொண்டு போவார். அதுவும் பொய் இல்லை.

பள்ளிகளில் கழிப்பறை வந்தால் சேர்க்கை கூடுமா என்பதை நாடு முழுவதற்குமான பள்ளித் தகவல்களை வைத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017-ல் வெளியானது. கழிப்பறை வந்த பள்ளிகளில் சேர்க்கை கூடியது. ஆனால் வயதுக்கு வரும் பருவத்துப் பெண்களின் சேர்க்கை, பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை இருந்த இடத்தில்தான் நன்றாக உயர்ந்தது. அதைப் படித்தவர்கள் தனிக் கழிப்பறை கட்டச் சொன்னார்கள், கட்டினார்கள். நல்ல காரியம். பந்தலூரில் ஒரு சுவரில் விழுந்த கரிக்கோடு சொன்னது அதற்கு அடுத்த வரி: கட்டினால் போதாது, சாவி யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெரிய எண்களில் தெரியும் விஷயம் ஒன்று, ஒரு அடுப்படியில் தெரியும் விஷயம் ஒன்று. இரண்டும் வேண்டும்.

தலைமை ஆசிரியரிடம் புகாராகப் போகாமல் நோட்டைக் கொண்டுபோனோம். முதலில் அவருக்குக் கோபம்தான். “எங்க ஸ்கூல்ல வந்து நோட்டுப் போட்டீங்களா?” என்றார். அக்கா நிதானமாக, நோட்டு போட்டது பாட்டி வீட்டுச் சுவரில் என்றார். பிறகு குடைப் பக்கங்களையும் பரீட்சை வாரத்தையும் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கணக்கு ஆசிரியராக இருந்து தலைமை ஆசிரியர் ஆனவர். புள்ளியும் கோடும் அவருக்கு எங்களைவிட வேகமாகப் புரிந்தன.

அங்கேயே பேசி முடித்தோம். சாவி சத்துணவுக் கூடத்து ஆயாம்மாவிடம் இருக்கும். அவர் பெண், நாள் முழுக்க இருப்பார், சமையற்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. குழாய் சரியாகும்வரை ஒரு டிரம்மில் தண்ணீர். இந்தப் பெண் பாட நேரத்தில் எழுந்து போனால் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. நாங்கள் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக் கொடுத்தோம். வகுப்பாசிரியர் மறுநாளே அவளைக் கூப்பிட்டு ஏதோ பேசியிருக்கிறார், என்ன பேசினார் என்று இருவருமே சொல்லவில்லை.

நவம்பரிலிருந்து மார்ச் வரை கோடுகள் குறைந்தன. மூன்று கோடு ஒருமுறைகூட விழவில்லை. ஊட்டிப் பக்கம் உறைபனி கொட்டும் ஜனவரியில் மட்டும் இரண்டு கோடு சில நாள் வந்தது, ஆக பாட்டியின் குளிர்க் கணக்கும் முழுக்கத் தப்பில்லை.

இதை அப்படியே ‘சாவி கைமாறியது, வலி குறைந்தது’ என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். எங்களுக்கு நிதி தருகிறவர்களும் அப்படித்தான் ஒரு வரி கேட்டார்கள். எழுத முடியவில்லை. ஏனென்றால் சாவி கைமாறிய அதே அக்டோபரில் மருத்துவர் அவளுக்கு ஹைட்ராக்ஸியூரியாவும் தொடங்கியிருந்தார். அக்டோபருக்குப் பிறகு மழையும் ஓய்ந்துவிடும். மூன்று காரியம் ஒரே சமயத்தில் மாறினால் எது வேலை செய்தது என்று ஒரே ஒரு பெண்ணின் நோட்டை வைத்துச் சொல்ல முடியாது. அந்த மாத்திரை வேலை செய்கிறது என்று இன்று துணிந்து சொல்ல முடிவதற்குக் காரணம், 1995-ன் சோதனையில் 299 பெரியவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாமல், பார்க்கிற மருத்துவருக்கும் தெரியாமல் கணக்கெடுத்ததுதான்.

சாவிக்கு அப்படிச் சோதனை வைக்க முடியுமா? பாதிப் பள்ளிகளில் வேண்டுமென்றே கழிப்பறையைப் பூட்டி வைக்க எவனுக்கும் மனசு வராது, வரவும் கூடாது. ஆனால் ஒரு வட்டத்தில் எல்லாப் பள்ளிகளிலும் குழாயும் ஆளும் ஒரே நாளில் வரப்போவதில்லை. எப்படியும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். எது முதலில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து, வருகைப் பதிவேட்டையும் வலி நோட்டையும் பார்த்துக்கொண்டே போனால் விடை கிடைத்துவிடும். காத்திருக்கும் பள்ளி எப்படியும் காத்திருக்கத்தான் போகிறது. தமிழ்நாட்டில் இது புதிதும் இல்லை. 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, குலுக்கலில் பாதி மையங்களுக்கு அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டுப் பார்த்தார்கள். முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரண்டு மடங்கானது, பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள், வளர்ச்சிக் குறைவும் குறைந்தது. அரை நாளுக்கு ஒரு ஆள், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் ஹெல்த் அக்காவும் அரை நாள் ஆள்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவருடைய மதிப்பூதியம் தொடருமா தொடராதா என்ற பேச்சு வரும். அப்போதெல்லாம் அந்த 320 மையங்களை நான் இழுத்துக்கொண்டு வருவேன்.

வேலை பார்க்கிறவர்களே தங்கள் வேலையை அளந்து பார்ப்பதற்குக் கூடலூரிலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. 1992-ல் அங்கே ஆதிவாசிகள் தங்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கினார்கள். அங்கே ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த மருத்துவர் ஒருவரே பிற்பாடு ஆய்வாளராகி அதை அளந்து பார்த்தார். காப்பீடு உள்ளவர்கள் மருத்துவமனையில் சேருவது மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. காப்பீட்டுக் கம்பெனிக்காரர் பார்த்தால் இது நஷ்டக் கணக்கு. அங்கே வேலை பார்த்தவருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. முன்பு வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்கள் இப்போது வருகிறார்கள். ஒரே எண்ணை யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மட்டமாகவும் ஆகும், தாகமாகவும் ஆகும்.

இப்போது எனக்குக் கவலை வேறு ஒன்றில். பரிசோதனை செய்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள், நோய் உண்டா, கூறு மட்டும் உண்டா, ஒன்றும் இல்லையா என்று அது சொல்லும். கூறு மட்டும் உள்ளவருக்கு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவருக்கு, வழக்கமாக எந்தத் தொந்தரவும் இருக்காது. கூறு உள்ள இருவர் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. அட்டையைப் பார்த்துப் பெண் பார்க்கலாம் என்பது யோசனை. கிரேக்க நாட்டில் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் இதே யோசனையைச் செய்து பார்த்து, 1970-களில் அதன் விளைவை எழுதியிருக்கிறார்கள். ஊர் முழுக்க ரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கூறு உள்ளவர்களை ஊர் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியது, சிலர் மறைத்தார்கள், கூறு உள்ள இருவர் சேரும் கல்யாணங்களும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அமெரிக்காவில் கூறு மட்டும் உள்ள இளைஞர்களை விமானப்படைக் கழகம் 1981 வரை சேர்த்துக்கொள்ளவே இல்லை. இதெல்லாம் யாரோ மெனக்கெட்டுப் பதிந்து வைத்த பாடங்கள். அட்டையைக் கையில் கொடுக்கும் முகாமில், பேசிப் புரியவைக்க ஆளுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். நான் உட்கார்ந்திருந்த ஆய்வுக் கூட்டம் ஒன்றில் எத்தனை பேருக்கு ரத்தம் பார்த்தாயிற்று என்ற கேள்வியே மூன்று முறை வந்தது. பார்த்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அன்று எழுந்து கேட்கவில்லை.

பாட்டியிடம் அட்டையைக் காட்டி விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “எத்தனையோ பேரு வந்து ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. யாராவது திரும்பி வந்து சொன்னாங்களா?” தங்கை ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் எங்கள் அமைப்பில் ஒரு வழக்கம் வைத்தோம். நோட்டு முடிந்ததும் அதில் என்ன தெரிந்தது என்பதை அந்த வீட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து, பணியர் மொழியில் அக்கா வாசித்துச் சொல்லுவார். அதன் பிறகுதான் அறிக்கை.

அந்தப் பெண் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். பிளஸ் ஒன் சேர வேறு ஊர்ப் பள்ளி, தங்குவதற்கு விடுதி. சேர்க்க நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். நான் வழக்கம்போலச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். புது எண்பது பக்க நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற அக்கா, விடுதிக் காப்பாளரிடம் கேட்டார்: “மேடம், ராத்திரியில பாத்ரூம் சாவி யாருகிட்ட இருக்கும்?”